கதை சொல்பவளின் தம்பி

‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்’ தொடரின் கடைசி எபிசோடைப் பார்த்து முடித்த இரவில் அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். மணி பதினொன்றே கால். அந்த நேரத்தில் ஃபோன் அடித்தால் யாரோ தவறிவிட்டார்கள் என்றுதான் எங்கள் வீட்டில் நினைப்பார்கள். “என்னப்பா, என்ன ஆச்சு?” என்றார். ஒன்றுமில்லை, சும்மாதான் என்றேன். “சாப்டியா?” சாப்பிட்டேன். “சரி, நேரத்துக்குப் படு.” நாற்பது வினாடி. வைத்த பிறகு கொஞ்ச நேரம் அழுதேன். அழுகை நன்றாகவே இருந்தது. ஒரு கடமையைச் செய்துவிட்ட மாதிரி தூங்கிப்போனேன்.

அந்த அழுகையின் மேல் எனக்கு இப்போது கொஞ்சம் சந்தேகம் வந்திருக்கிறது. அதற்குக் காரணம் என் அக்கா. அதைச் சொல்வதற்கு முன் தொடரைச் சொல்ல வேண்டும். கதை முழுவதையும் போட்டு உடைக்கப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம். மொத்தம் 16 எபிசோட். நெட்ஃப்ளிக்ஸில் 2025 மார்ச்சில் வாரத்துக்கு நான்கு நான்காக வெளியிட்டார்கள். ஒவ்வொரு நான்கும் ஒரு பருவகாலம். எழுதியவர் லிம் சாங்-சுன் என்ற புனைபெயரில் எழுதும் எழுத்தாளர். இயக்கியவர் ‘மை மிஸ்டர்’ எடுத்த கிம் வோன்-சொக். நம்மில் கொரியத் தொடர் பார்க்கும் பாதிப் பேரை அந்தப் பழைய தொடர்தான் உள்ளே இழுத்துப்போட்டது என்பதால் அறிமுகம் அதிகம் தேவையில்லை.

ஆங்கிலத் தலைப்பு ஒரு சொல்விளையாட்டு. வாழ்க்கை எலுமிச்சையைக் கொடுத்தால் சர்பத் போடு என்று அவர்கள் சொல்வதை மாற்றி, எலுமிச்சைக்குப் பதில் ஜேஜு தீவின் கமலாப்பழத்தை வைத்திருக்கிறார்கள். கொரியத் தலைப்பு வேறு. அது ஜேஜுவின் வட்டார வழக்கு. ‘ரொம்பப் பாடுபட்டுட்டீங்க’ என்று பொருள். ஒருவர் செய்த உழைப்பைப் பார்த்து, நன்றி என்று சொல்லாமல் நன்றி சொல்வது. ஆனால் சோலில் வளர்ந்த ஒருவர் காதுக்கு அதே சொற்கள் ‘நல்லா ஏமாந்துட்டீங்க’ என்று கேட்குமாம். இந்த இரண்டு அர்த்தமும் ஒரே தலைப்பில் உட்கார்ந்திருப்பது எனக்கு முதலில் வேடிக்கையாக மட்டும் இருந்தது.

ஜேஜு கொரியாவின் தெற்கே இருக்கும் எரிமலைத் தீவு. அங்கே ஹேன்யோ என்று அழைக்கப்படும் பெண்கள் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல், மூச்சை அடக்கிக் கடலடிக்குப் போய்ச் சங்கும் சிப்பியும் அபலோனி என்ற விலை உயர்ந்த நத்தை இனமும் எடுத்து வருவார்கள். மேலே வந்து மூச்சை விடும்போது ஒரு சீழ்க்கைச் சத்தம் வரும். அதற்கு அவர்களிடம் தனிப் பெயரே உண்டு. 2016இல் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டு மரபாக அங்கீகரித்தது. தொடரில் குவாங்-ரே அப்படி ஒரு ஹேன்யோ. 29 வயதில் கடல் தந்த நோயில் சாகிறாள். அவள் மகள் ஏ-சுன் கவிஞராக ஆசைப்பட்டவள். கல்லூரி போக வேண்டும், தீவை விட்டுப் போக வேண்டும், தீவுக்காரன் எவனையும் கட்டக்கூடாது. கட்டிக்கொள்வது தீவுக்காரனைத்தான். குவான்-ஷிக் அதிகம் பேசாதவன். அவளிடமிருந்து பிரித்துக் கப்பலில் ஏற்றி அனுப்பினால் நடுக்கடலில் குதித்து நீந்தித் திரும்பி வருகிறவன். இவர்களுக்குக் கும்-மியோங் என்ற மகள். அவள் படித்து சோலில் உள்ள தேசியப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள். மேற்கொண்டு ஜப்பானில் படிக்க வேண்டும் என்றபோது பெற்றவர்கள் இருந்த வீட்டை விற்றுவிடுகிறார்கள்.

இளம் ஏ-சுன், மகள் கும்-மியோங் இரண்டு பேராகவும் நடித்திருப்பது ஐயூ. அம்மாவின் முகத்தையே மகளுக்கும் வைத்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. அம்மாவுக்குக் கிடைக்காமல் போன வாழ்க்கை அதே முகத்துக்கு இன்னொரு தரம் தரப்படுகிறது.

எல்லோரும் பேசிய காட்சி ஒன்று உண்டு. குவான்-ஷிக் வீட்டில் ஆண்களுக்கும் பெரியவர்களுக்கும் ஒரு மேஜை. ஏ-சுனும் குழந்தையும் ஒதுக்குப்புறமாகச் சின்ன மேஜையில் சாப்பிட வேண்டும். ஒருநாள் குவான்-ஷிக் எதுவும் பேசாமல் தன் இடத்திலிருந்து அப்படியே திரும்பி உட்கார்ந்துகொள்கிறான். பெரியவர்களுக்கு முதுகு, மனைவிக்கு முகம். அவ்வளவுதான். சத்தம் இல்லை, வசனம் இல்லை. ஒரு வீட்டின் நூற்றாண்டு ஒழுங்கைக் குண்டி நகர்த்தி மாற்றிவிட்டான் என்று நண்பன் ஒருவன் வாட்ஸாப்பில் எழுதினான். இதைவிட நல்ல விமர்சனத்தை நான் எங்கும் படிக்கவில்லை.

அதேபோல இன்னொன்று. பேத்தி கும்-மியோங்கையும் ஹேன்யோவாக்குவதற்காக வீட்டுப் பெரியவர்கள் ஒரு சடங்கு வைக்கிறார்கள். ஏ-சுன் அந்தப் படையல் மேஜையையே கவிழ்த்துவிடுகிறாள். தன் அம்மாவைக் கடல் தின்றது, தன்னைச் சமையலறை தின்றது, மகளை எதற்கும் கொடுப்பதாக இல்லை. கவிழும் மேஜையில் இருந்துதான் கும்-மியோங்கின் வாழ்க்கை தொடங்குகிறது என்று சொல்லலாம்.

நானும் இதையெல்லாம் பார்த்து உருகினேன். அப்பாவை நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊர் விருத்தாசலம் பக்கம். நான் பி.இ. சேர்ந்தது 2007. கவுன்சிலிங்கில் நினைத்த பிரிவு கிடைக்காததால் மேனேஜ்மென்ட் சீட். அதற்கு ரசீது இல்லாமல் ஒரு தொகை, ரசீதோடு ஒரு தொகை. அப்பா முக்கால் ஏக்கர் நிலத்தை விற்றார். இந்தக் கதையை நான் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். ஆபீசில், கல்யாணத்துக்கு முன் மனைவியிடம், ஒரு முறை புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நடந்த கூட்டத்தில் மைக் பிடித்துக்கூட. ‘எங்கப்பா நிலத்த வித்து என்னப் படிக்க வச்சாரு’ என்ற வாக்கியம் என் வாயில் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. சொன்னால் கேட்பவர்கள் ஒரு கணம் அமைதியாவார்கள். அந்த அமைதி எனக்குப் பிடிக்கும்.

தொடரை அக்காவுக்கும் பரிந்துரைத்தேன். “பாருக்கா, அழுதுருவ” என்றேன். அக்கா கடலூரில் இருக்கிறாள். இரண்டு பிள்ளைகள், ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். ராத்திரி பாத்திரம் கழுவி முடித்து ஃபோனில் சப்டைட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். பத்துப் பன்னிரண்டு எபிசோட் ஆனதும் கேட்டேன், எப்படி இருக்கிறது என்று. அவள் ஏ-சுனைப் பற்றியோ குவான்-ஷிக்கைப் பற்றியோ சொல்வாள் என்று நினைத்தேன்.

“நல்லாத்தான் இருக்கு. அந்தத் தம்பிப் பையந்தான் பாவம்டா. அவன யாரும் எதுவும் கேக்கவே இல்லியே.”

எந்தத் தம்பி என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. உண்மையாகவே பிடிபடவில்லை.

கும்-மியோங்குக்குக் கீழே இரண்டு தம்பிகள். கடைசியில் பிறந்தவன் தோங்-மியோங், சின்ன வயதிலேயே ஒரு புயல் நாளில் இறந்துவிடுகிறான். அந்தச் சாவைத் தன் குற்றமாக ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சுமப்பது தொடரின் மிகக் கனமான பகுதி. நடுவில் உன்-மியோங். கொரியப் பெயர்களில் கும், உன், தோங் என்றால் பொன், வெள்ளி, வெண்கலம். குவான்-ஷிக்கின் படகுக்கும் இந்த மூன்று எழுத்தையும் சேர்த்துத்தான் பெயர். பிள்ளைகள் மேல் உள்ள ஆசையில் வைத்த பெயர்கள். ஆனாலும் அக்கா சொன்ன பிறகு யோசித்தால், பந்தயம் தொடங்கும் முன்பே உன்-மியோங் கழுத்தில் வெள்ளிப் பதக்கத்தைப் போட்டுவிட்டார்கள்.

அக்கா ஜப்பான் போக வீடு விற்கப்பட்டது. அந்த வீட்டில் உன்-மியோங்கும் இருந்தான். வீடு போவது அவனுக்கும் வீடு போவதுதான். அவனிடம் யாரும் கேட்கவில்லை. பின்னால் அவன் சறுக்குகிறான். சின்ன வயதிலேயே காதலித்துப் பெண்ணைக் கர்ப்பமாக்குகிறான், அதுவும் அப்பாவுக்குச் சுத்தமாக ஆகாத சாங்-கிலின் மகளை. மோசடியில் மாட்டுகிறான். அவனை மீட்க அப்பா படகை விற்கிறார். ஆக அவனுக்கும்தான் செய்திருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் தொடர் காட்டுகிற விதத்தைப் பாருங்கள். மகளுக்கு விற்றது முதலீடு, மகனுக்கு விற்றது அபராதம்.

இந்தக் கதையைச் சொல்வது யார்? பின்னணிக் குரல் முழுக்க கும்-மியோங்குடையது. பெற்றவர்களைப் பற்றிய அந்த நெகிழ்ச்சி, பிறகு புரிந்துகொண்டேன் என்ற குற்றவுணர்வு எல்லாம் அவள் குரலில். மிக அதிகமாகப் பெற்றுக்கொண்டவளே சொல்கிறாள். யோசித்துப் பார்த்தால் தியாகக் கதைகள் பெரும்பாலும் இப்படித்தான். கொடுத்தவர்களுக்குச் சொல்லத் தெரியாது, அல்லது சொல்லக் கூச்சம். சொல்லும் மொழி, நேரம், மேடை எல்லாம் பெற்றுக்கொண்டவரிடம்தான் இருக்கிறது. ஏனென்றால் பெற்றுக்கொண்டதே அதைத்தானே. நிலம் போய் என்னவாயிற்று? இந்தக் கட்டுரையை எழுதுகிற கைகளாயிற்று. அப்படிச் சொல்லும்போது பெற்றுக்கொண்டவர் கண்ணில் படுகிற செலவு மட்டும்தான் கணக்கில் வரும்.

என் கணக்கில் வராமல் போனதைச் சொல்கிறேன். அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். பிளஸ் டூவில் 1200க்கு 1043. நான் 987. அவளுக்கும் இன்ஜினியரிங் கவுன்சிலிங் கடிதம் வந்தது. பொண்ணை ஹாஸ்டலில் விட்டுப் படிக்க வைக்க வேண்டாம் என்று அப்பா சொன்னார், அம்மா ஆமாம் என்றாள், அக்கா பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் சேர்ந்தாள். நிலத்தை விற்றும் என் மூன்றாம் வருடத்தில் பணம் போதவில்லை. அக்காவின் மஞ்சள் நீராட்டுக்கு எங்கள் தாய்மாமன் போட்ட செயின் ஒன்று இருந்தது. அது அடகுக்குப் போனது. வட்டி கட்டி மாற்றி மாற்றி வைத்து, ஒரு கட்டத்தில் ஏலத்துக்குப் போய்விட்டது. எனக்கு அப்போதே தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. தெரிந்துதான், பதினைந்து வருடமாக, ‘எங்கப்பா நிலத்த வித்து’ என்று தொடங்கி அங்கேயே முடித்திருக்கிறேன்.

பிள்ளைகள் பெற்றவர்களுக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்ற கேள்வியைத் தத்துவக்காரர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். ஜேன் இங்க்லிஷ் என்ற அமெரிக்கத் தத்துவவாதி ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். 1978இல் மாட்டர்ஹார்ன் மலையேற்றத்தில் இறந்துபோனார், முப்பத்தொரு வயது. கட்டுரை அடுத்த வருடம் வந்தது. அவர் சொல்வது இது: வளர்ந்த பிள்ளைகள் பெற்றோருக்குக் கடன்பட்டவர்கள் என்ற பேச்சே தப்பு. கேட்டுப் பெற்ற உதவிக்குத்தான் கடன் உண்டு. பெற்றவர்கள் செய்தது அன்பால், பிள்ளை கேட்காமல் செய்தது. நட்பில் கணக்கு இல்லாத மாதிரி இங்கேயும் கணக்கு கிடையாது. அன்பு இருந்தால் செய்வோம், இல்லையென்றால் கடன் என்ற பெயரில் வசூலிக்க முடியாது.

கல்லூரி முடித்த புதிதில் இதைப் படித்தபோது பெரிய விடுதலையாக இருந்தது. இப்போது படித்தால் ஒரு ஓட்டை தெரிகிறது. கொடுத்தவர் விரும்பிக் கொடுத்தார், அதனால் கடன் இல்லை என்பது சரி. ஆனால் கொடுக்கப்பட்டது கொடுத்தவருடையது மட்டும்தானா? அப்பா நிலத்தைக் கொடுத்தார், அது அப்பாவின் நிலம். அவர் முடிவு, அவர் அன்பு. செயின் அப்பாவுடையதல்ல. கவுன்சிலிங் கடிதம் அப்பாவுடையதல்ல. குவான்-ஷிக் வீட்டை விற்கும்போது அந்த வீட்டில் உன்-மியோங்கின் பங்கும் போகிறது. சொத்துரிமைப் பங்கைச் சொல்லவில்லை, அவன் படிப்பு, அவன் அறை, அவனுக்கும் ஒன்று வரும் என்ற எதிர்பார்ப்பு, இதெல்லாம். அன்பின் பெயரில் மூன்றாவது ஆளின் பங்கையும் எடுத்துக் கொடுத்தால் அது பரிசா?

இந்த மூன்றாவது ஆள் கொரியாவுக்குப் புதிதல்ல. 1970களில் அங்கே தொழிற்சாலைகள் பெருகியபோது கிராமத்திலிருந்து ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் சோலின் குரோ போன்ற பேட்டைகளுக்கு வேலைக்கு வந்தார்கள். துணி, விக், மின்னணுப் பாகங்கள். நீண்ட ஷிஃப்ட், குறைந்த கூலி. அதில் பலர் அனுப்பிய பணத்தில்தான் அண்ணன் தம்பிகள் கல்லூரிக்குப் போனார்கள். அந்த அண்ணன் தம்பிகள்தான் பிறகு அதிகாரிகள், பேராசிரியர்கள். அவர்களும் எங்கோ மைக் பிடித்து அப்பாவைப் பற்றிப் பேசியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். ‘டேஞ்சரின்ஸ்’ இந்த வழக்கத்தைத் திருப்பிப் போட்டது, மகளுக்குப் பொன்னைக் கொடுத்தது. அதனால்தான் நமக்கு அது இவ்வளவு பிடிக்கிறது. திருப்பிப் போட்டாலும் தராசுக்கு அந்தப் பக்கம் ஒருவன் தேவைப்பட்டான் என்பதைத்தான் அக்கா பார்த்துவிட்டாள். நான் பார்க்கவில்லை. தராசில் நான் உட்கார்ந்திருந்த தட்டு அப்படி.

‘ரிப்ளை 1988’ பார்த்தவர்களுக்கு தோக்-சுனின் பிறந்தநாள் கேக் நினைவிருக்கும். நடுவில் பிறந்தவளுக்குத் தனி கேக் கிடையாது, அக்காவின் கேக்கிலேயே மெழுகுவர்த்தியைக் குறைத்து ஏற்றி முடித்துவிடுவார்கள். அவள் வெடித்து அழுகிறாள். அப்பா தனியாக ஒரு கேக் வாங்கிவந்து மன்னிப்புக் கேட்கிறார், தானும் அப்பாவாக இருப்பது இதுதான் முதல் தடவை என்று. அது எனக்குப் பிடித்த காட்சி. ஆனால் அங்கே அந்த அக்கா எங்கே? கேக்கை மொத்தமாகச் சாப்பிட்டவள் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மன்னிப்பு எப்போதும் பெற்றவர்கள் தலையில்தான் விழுகிறது.

பெற்றவர்கள் செய்தது தப்பா? என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. முக்கால் ஏக்கரை இரண்டாகப் பிரித்துக் கொடுத்திருந்தால் இரண்டு பேருமே பாதி வழியில் நின்றிருப்போம். கையில் இருப்பது ஒன்று, பிள்ளைகள் இரண்டு என்றால் யாராவது ஒருவர் மேல் பந்தயம் கட்டத்தான் வேண்டும். எங்கள் வேலையில் இதை ரிசோர்ஸ் அலகேஷன் என்று சொல்லி ஒரு எக்செல் ஷீட்டில் முடித்துவிடுவோம். வீட்டில் அதற்கு நிறம் பூச வேண்டியிருக்கிறது, ‘பொண்ணுக்கு எதுக்கு ஹாஸ்டல்’ என்று. பந்தயம் கட்டியதைவிட அந்த நிறம் பூசியதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. 1043க்கும் 987க்கும் நடுவே என்ன நியாயம் இருந்தது?

தொடரின் மேல் எனக்கு வருத்தமும் இங்கேதான். உன்-மியோங்கை எழுத்தாளர் கொஞ்சம் கோமாளியாக்கிவிட்டார். அவசரக்காரன், ஏமாளி, புலம்பல்காரன். பொன்னும் பொறுப்பும் கும்-மியோங்குக்கு. அவனுக்குக் குறைவாகக் கிடைத்தது அவன் குறைவானவன் என்பதால்தான் என்ற எண்ணம் பார்ப்பவர் மனதில் தானாகவே விழுந்துவிடுகிறது. எது முதலில் என்று யாரும் கேட்பதில்லை. வீட்டை அவனுக்காக விற்றிருந்தால் அவனும் நிதானமானவனாக இருந்திருக்கலாம். தன் பெற்றவர்கள் அக்காவையே பார்த்தார்கள் என்று அவன் குமுறும்போது, அவனுக்குச் செய்ததையெல்லாம் வரிசையாகக் காட்டி தொடர் அவன் வாயை அடைத்துவிடுகிறது. பட்டியல் போட்டுத்தான் ஒருவன் வாயை அடைக்க வேண்டும் என்றால், அங்கே ஒரு கணக்கு இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம். குவான்-ஷிக்கை இவ்வளவு நல்லவராக வைத்ததால் அவர் வீட்டில் யாருக்கும் எந்தக் குறையும் இருக்க முடியாமல் போய்விட்டது. இத்தனைக்கும் ஏ-சுனுக்கு இது தெரியும். சின்ன வயதில் அப்பாவழிச் சொந்தக்காரர் வீட்டில் எல்லாப் பிள்ளைகள் தட்டிலும் மீன் வைத்துவிட்டு அவளுக்கு மட்டும் வைக்காமல் விட்டார்கள். அதைப் பொறுக்காமல்தான் குவாங்-ரே மகளைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனாள். ஒரு துண்டு மீனின் நினைவு அறுபது வருடம் இருக்கும் என்று தெரிந்த எழுத்தாளருக்கு உன்-மியோங்கின் தட்டு ஏன் தெரியாமல் போயிற்று?

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொடுப்பவர்கள் பலர் என்பது இந்தத் தொடருக்குத் தெரியாமல் இல்லை. ஏ-சுனும் குவான்-ஷிக்கும் சோற்றுக்கில்லாமல் இருந்த நாட்களில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்கார முதியவர்கள் ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் அரிசிப் பானையில் அரிசியை நிரப்பி வைக்கிறார்கள். அவள் அம்மாவின் தோழிகளான மூன்று ஹேன்யோக்கள் கூடவே நிற்கிறார்கள். பாட்டி சேர்த்து வைத்திருந்த பணம் படகாகிறது. இவர்களை எல்லாம் தொடர் பெயர் சொல்லி, முகம் காட்டி நிறுத்துகிறது. ஆனால் அந்த முதியவர்கள் தாங்களே முடிவெடுத்துத் தங்கள் அரிசியைப் போட்டார்கள். கேட்காமல் எடுக்கப்பட்டவர்களின் இடம்தான் காலியாக இருக்கிறது.

சரி, தெரிந்துவிட்டது, இப்போது என்ன செய்வது? நான் முதலில் நினைத்தது ரொம்பச் சுலபமானது. செயினை வாங்கிக் கொடுத்துவிடலாம். அதே எடை. நகைக்கடை ஆப்பில் விலை பார்க்கக்கூடச் செய்தேன். மனைவி எட்டிப் பார்த்து, “யாருக்கு?” என்றாள். சொன்னேன். “குடுங்க. ஆனா அவங்க அத வாங்கிட்டாங்கன்னா நீங்க நிம்மதியாத் தூங்குவீங்க இல்ல?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். பாராட்டா குத்தலா என்று இன்றுவரை தெரியவில்லை.

டேவிட் கிரேபர் தன் ‘கடன்’ நூலில் ஒரு கதை சொல்கிறார். எர்னஸ்ட் தாம்ப்சன் சீட்டன் என்ற இயற்கையியலாளருக்கு இருபத்தொரு வயதில் அவர் அப்பா ஒரு பில் நீட்டினாராம். பிறந்தபோது டாக்டருக்குக் கொடுத்த ஃபீஸ் உட்பட வளர்த்த செலவு முழுவதும். சீட்டன் அதைக் கட்டினார். பிறகு அப்பாவோடு பேசவே இல்லை. கிரேபர் காட்ட வருவது, கடைசிப் பைசா வரை தீர்ப்பது என்பது உறவைத் தீர்ப்பதும்தான் என்று. இரண்டு பேருக்கும் நடுவே பாக்கி ஒன்று இருக்கும் வரை திரும்பப் போய்க் கதவைத் தட்டக் காரணம் இருக்கிறது.

இதைப் படித்ததும் எனக்கு ‘பச்சிங்கோ’வின் நோவா ஞாபகம் வந்தான். மின் ஜின் லீயின் நாவல், 2017இல் வந்தது. ஜப்பானில் வாழும் ஒரு கொரியக் குடும்பத்தின் நான்கு தலைமுறைக் கதை. பிறகு தொடராகவும் வந்தது. நோவா வசேதா பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கிறான். செலவைக் கொடுப்பவர் குடும்ப நண்பர் என்று நினைத்திருந்த ஹன்சு. அவர்தான் தன்னைப் பெற்றவர் என்றும், அந்தப் பணம் யாகுசா உலகத்துப் பணம் என்றும் ஒருநாள் தெரிகிறது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, ஊரை விட்டு, பெயரை விட்டு, நாகானோவில் ஜப்பானியனாக மறைந்து வாழ்கிறான். அம்மா பல வருடம் தேடிக் கண்டுபிடித்த அன்று நாவலில் அவன் செத்துப்போகிறான். யார் கொடுத்த பணத்தில் ஆளானேன் என்று தெரிந்துகொள்வதை இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டவன் அவன் ஒருவன்தான். வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கப் பார்த்தான். திருப்பிக் கொடுக்க முடியாததாகத் தன் உடம்பே இருந்தது. நோவாவை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. கும்-மியோங்கை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே எங்காவது நிற்க இடம் இருக்க வேண்டும்.

இம்மானுவேல் கான்ட் 1797இல் எழுதிய அறவியல் நூலில் நன்றியைப் புனிதக் கடமை என்கிறார். காரணம் விசித்திரமானது. எவ்வளவு திருப்பிக் கொடுத்தாலும் நன்றிக்கடன் தீராது, ஏனென்றால் முதலில் செய்தவர் அவர். யாரும் கேட்காதபோது முதலில் செய்த அந்தச் சிறப்பை நாம் அவரிடமிருந்து பறிக்க முடியாது. எங்கள் செயின் விஷயத்தில் இது இன்னும் சிக்கலாகிறது. அக்கா முதலில் செய்தவளா? செய்தாளா, செய்ய வைக்கப்பட்டாளா? விரும்பிக் கொடுத்திருந்தால் நான் நன்றி சொல்ல வேண்டும். எடுக்கப்பட்டிருந்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும். இரண்டும் வேறு வேறு. தப்பானதைச் சொன்னால் அவமானப்படுத்தியதாகிவிடும். விரும்பிக் கொடுத்தவளிடம் மன்னிப்புக் கேட்டால் அவள் கொடையைத் திருட்டாக்குகிறேன். பறிகொடுத்தவளிடம் நன்றி சொன்னால் திருட்டைக் கொடையாக்குகிறேன்.

இங்கேதான் அந்தக் கொரியத் தலைப்பு எனக்குத் திரும்ப வந்தது. ரொம்பப் பாடுபட்டுட்டீங்க என்பதில் நன்றியும் இல்லை, மன்னிப்பும் இல்லை. திருப்பித் தருகிறேன் என்ற வாக்கும் இல்லை. பார்த்தேன் என்று மட்டும் இருக்கிறது. அதே சொல்லைக் கொஞ்சம் தள்ளி நின்று கேட்டால் ஏமாந்துட்டீங்க. இரண்டில் எது என்று கேட்பவர்தான் சொல்ல வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை கடலூர் போயிருந்தேன். மாமா பிள்ளைகளை பீச்சுக்குக் கூட்டிப் போயிருந்தார். அக்கா பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். நான் வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். என்னென்னவோ பேசிவிட்டுக் கடைசியில்தான் வாய் வந்தது.

“அக்கா, அந்தச் செயினு. மாமன் போட்டது. நீயா குடுத்தியா, இல்ல அப்பா கேட்டாரா?”

சிவப்புப் பேனாவை எடுக்காமலேயே, “எந்தச் செயின்?” என்றாள். எந்தச் செயின் என்று அவளுக்குத் தெரியும்.

“என் தேர்ட் இயர் ஃபீசுக்கு வச்சது.”

“அதுவா. அம்மா பீரோவத் தொறந்து எடுத்துட்டு, எடுத்துட்டேன்டின்னா. சரின்னேன்.” ஒரு பேப்பரைத் திருப்பினாள். “வேணாம்னு சொல்லிருந்தா உள்ள வச்சிருப்பாளான்னு அப்பப்ப நெனச்சுக்குவேன்.”

எனக்கு அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை. இத்தனை தத்துவம் படித்தும், கொடுத்ததா எடுத்ததா என்ற என் கேள்விக்கு இப்படி ஒரு மூன்றாவது பதில் இருக்கும் என்று தோன்றியிருக்கவில்லை. பேச்சை நிரப்புவதற்காக, “ரெண்டு பவுனுல்ல அது?” என்றேன்.

“ரெண்டே கால்.”

யோசிக்கவே இல்லை. பதினாறு வருடம் ஆகிறது. மதிப்பெண்ணைக் கூட்டிப் பேப்பரின் மூலையில் எழுதி வட்டம் போட்டாள்.

“அத விடு. நாலு எபிசோடு பாக்கி கெடக்குது எனக்கு. அந்தப் பையன் கடைசியில என்னதான் ஆனான்? சொல்லிடு, பரவால்ல.”